ஆய்வு நிதி கேட்கும் பல் மருத்துவ ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆய்வு நிதிக்கான ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) அறிவிப்பு வெளியானதும் யாராவது அதைக் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் போடுவார்கள். நாலைந்து பேர் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். கடைசித் தேதிக்கு ஒரு வாரம் இருக்கும்போது "நம்ம காலேஜ்ல இருந்து எத்தனை ப்ரொபோசல் போகுது?" என்று டீன் அலுவலகத்திலிருந்து கேள்வி வரும். உடனே ஒரு ரீடர் (இணைப் பேராசிரியர் நிலை), தான் கைடாக இருந்த எம்.டி.எஸ். (பல் மருத்துவ முதுநிலை) தீசிஸ் ஒன்றைத் தூசி தட்டி எடுத்து, சாம்பிளை இரட்டிப்பாக்கி, பின்னால் ஒரு பட்ஜெட் பக்கத்தை ஒட்டி அனுப்பிவிடுவார். நம் துறையிலிருந்து போகும் ப்ரொபோசல்களில் பல இப்படிப் பிறந்தவைதான். அவை திரும்பி வந்தால் யாரும் பெரிதாக ஆச்சரியப்படுவதும் இல்லை.

தீசிஸில் தவறில்லை. அதன் தேவை வேறு. மூன்று ஆண்டுக்குள், ஒரே மாணவர், நம் ஓ.பி.க்கு வருகிற நோயாளிகளை வைத்தோ பிடுங்கிய பற்களை வைத்தோ முடித்தாக வேண்டும். அதனால்தான் "மூன்று காம்போசிட்டில் எதற்கு ஷியர் பாண்ட் ஸ்ட்ரெங்த் அதிகம்" என்ற மாதிரி, அதாவது பல் அடைக்கும் பொருட்களில் எது பல்லோடு உறுதியாக ஒட்டுகிறது என்று பார்க்கும் தலைப்புகள் வருகின்றன. ஐசிஎம்ஆர் கொடுப்பது பொதுச் சுகாதாரப் பணம். அங்கே ப்ரொபோசலைப் படிக்கும் குழுவில் பல் மருத்துவர் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள்; மற்றவர்கள் நோய்ப்பரவலியல், நோயியல், புள்ளியியல் ஆட்கள். காம்போசிட்டின் பிராண்டு பெயரைப் பார்த்து அவர்கள் உற்சாகமடைய மாட்டார்கள். "இதனால் யாருக்கு என்ன மாறும்?" என்று கேட்பார்கள். முதல் பக்கத்திலேயே அதற்குப் பதில் வேண்டும்.

ஓர் உதாரணம். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதனால் பல்லிலும் எலும்பிலும் வரும் பாதிப்பான ஃப்ளோரோசிஸுக்கென்றே 2008–09இல் ஒரு தேசியத் திட்டம் தொடங்கப்பட்டது. இந்த ஊர்களைப் பற்றி நாம் எழுதும் தலைப்பு என்ன? "ஃப்ளோரோசிஸ் உள்ள பற்களில் இரண்டு பாண்டிங் ஏஜென்ட்டுகளின் ஒப்பீடு." (பாண்டிங் ஏஜென்ட் என்பது அடைக்கும் பொருளைப் பல்லோடு ஒட்டவைக்கும் பசை.) இதையே இப்படிக் கேட்டுப் பாருங்கள்: அங்குள்ள பள்ளிப் பிள்ளைகளின் முன்பல் கறையை, பல் மருத்துவப் பிரிவு உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சரிசெய்ய முடியுமா? ஓராண்டு கழித்தும் அது நிற்குமா? ஒரு பிள்ளைக்கு என்ன செலவாகும்? அதே பாண்டிங் ஏஜென்ட்தான் உள்ளே இருக்கிறது. ஆனால் இப்போது மாவட்டச் சுகாதார அலுவலருக்கும் அந்தக் கேள்வி புரியும். வாய்ப் புற்றுநோயிலும் இதே கதைதான். இந்திய ஆண்களுக்கு மிக அதிகமாக வரும் புற்றுநோய் உதட்டிலும் வாய்க்குழியிலும் வருவது என்று உலகப் புற்றுநோய்க் கணக்கெடுப்பு சொல்கிறது. அதன் முன்னோடிப் புண்களைத் தினமும் கண்ணால் பார்க்கிறவர்கள் நாம்தான். அதை விட்டுவிட்டு, வேர் சிகிச்சையில் அடைக்கப் பயன்படும் சீலர்களின் ஒப்பீட்டுக்குப் பணம் கேட்டால் யார் கொடுப்பார்கள்?

அடுத்தது, கேட்கும் இடம். ஒரே ப்ரொபோசலை எல்லா அமைப்புக்கும் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அடிப்படை அறிவியலும் பொருளறிவியலும் என்றால் அனுசந்தான் தேசிய ஆய்வு நிறுவனம், அதாவது ஏஎன்ஆர்எஃப், பக்கம் போகலாம். 2008ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த பழைய எஸ்இஆர்பி (அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியம்), 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இதில் கலந்துவிட்டது. இன்னும் எஸ்இஆர்பி என்று கவரிங் லெட்டர் எழுதினால் நாம் கடைசியாக எப்போது அறிவிப்பைப் படித்தோம் என்பது தெரிந்துவிடும். கையில் ஒரு கருவியோ பொருளோ உருவாகிக்கொண்டிருந்தால் உயிர்தொழில்நுட்பத் தொழில் வளர்ச்சிக்கான மத்திய அரசு அமைப்பான பைராக்கின் பிக் திட்டம் இருக்கிறது, 50 லட்சம் வரை. ஐசிஎம்ஆரின் சிறு நல்கையே 2 கோடி வரை போகும். நம்மவர்கள் கூச்சப்பட்டுக்கொண்டு நாலைந்து லட்சம் கேட்பார்கள். குறைவாகக் கேட்டால் சீக்கிரம் கிடைக்கும் என்பது வெறும் நம்பிக்கை. சொன்ன வேலையை அந்தப் பணத்தில் முடிக்க முடியாது என்று குழு கண்டுபிடித்தால், உங்களுக்குத் திட்டமிடத் தெரியவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ளும்.

முன் அனுபவமே இல்லாதவர்கள் சிறிய கதவுகளை அலட்சியம் செய்வதும் உண்டு. இளநிலை மாணவர்களுக்கான ஐசிஎம்ஆரின் எஸ்டிஎஸ் என்ற குறுகிய கால ஆய்வுத் திட்டம் 1979 முதல் இருக்கிறது, பி.டி.எஸ். பிள்ளைகளும் போடலாம். எம்.டி.எஸ். தீசிஸுக்கும் ஐசிஎம்ஆர் உதவித்தொகை கொடுத்திருக்கிறது. அவற்றுக்கு கைடாக இருந்து முடித்தால், நேரத்துக்கு அறிக்கை கொடுத்தவர் என்று உங்கள் பெயரில் ஒரு சான்று சேரும்.

தகுதி விஷயத்தில் தனியார் கல்லூரிக்காரர்களுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். சென்னை, கடலூர், புதுக்கோட்டை என்று விரல்விட்டு எண்ணக்கூடிய அரசுக் கல்லூரிகள் போக, தமிழ்நாட்டில் இருப்பவை தனியார் கல்லூரிகளே. தனியார் நிறுவனம் என்றால் மத்திய அறிவியல், தொழில் ஆராய்ச்சித் துறையான டிஎஸ்ஐஆர், ஆய்வு நிறுவனங்களுக்குக் கொடுக்கும் சிரோ அங்கீகாரத்தை ஐசிஎம்ஆர் கேட்கும். அந்த அங்கீகாரம் காலாவதியாகும், புதுப்பிக்க வேண்டும். ப்ரொபோசல் எழுதத் தொடங்கும் முன் அலுவலகத்தில் போய் அந்தச் சான்றிதழின் தேதியை உங்கள் கண்ணால் பாருங்கள். "இருக்கு சார், எல்லாம் இருக்கு" என்பதை நம்பி உட்காராதீர்கள். ஒப்பந்தத்தில் இருக்கும் சீனியர் லெக்சரரை பி.ஐ., அதாவது முதன்மை ஆய்வாளர், ஆகப் போடுவதும் பலிக்காது, நிரந்தரப் பணியில் இருப்பவர் வேண்டும்.

இனி, நம் துறைக்கே உரிய ஒரு பிழை. இதை மட்டும் திருத்தினாலே பல ப்ரொபோசல்கள் ஒரு படி மேலே போகும். "20 நோயாளிகள், ஒவ்வொருவரிடமும் 6 பற்கள், ஆக மொத்தம் 120 சாம்பிள்" என்று எழுதுவோம். புள்ளியியல் தெரிந்தவர் இந்த வரியில் நின்றுவிடுவார். ஒரே வாயில் இருக்கும் ஆறு பற்களுக்கும் ஒரே எச்சில், ஒரே பிரஷ், ஒரே பீடி. ஒரு பல்லில் ஈறு வற்றினால் பக்கத்துப் பல்லிலும் வற்ற வாய்ப்பு அதிகம். அவை தனித்தனி ஆறு தகவல்கள் ஆகாது. இதைக் கணக்கில் பிடிக்க ஒரு சூத்திரம் உண்டு: ஒருவரின் பற்களின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து, அவற்றுக்கிடையிலான ஒற்றுமை எண்ணால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். ஒற்றுமை எண் 0.3 என்று வைத்துக்கொள்வோம். 5ஐ 0.3ஆல் பெருக்கினால் 1.5, ஒன்றைக் கூட்டினால் 2.5. உங்கள் 120ஐ இந்த 2.5ஆல் வகுத்தால் 48. காகிதத்தில் 120, கையில் இருப்பது 48 பற்களுக்கான தகவல்தான். சாம்பிள் கணக்கிலேயே இதைச் சேர்த்து, பகுப்பாய்வில் நோயாளியைத் தனி அடுக்காக எடுத்துக்கொள்ளும் முறையைச் சொல்லிவிட்டால், எழுதியவர் விவரமானவர் என்று குழுவுக்குப் புரிந்துவிடும். புள்ளியியலாளரைக் கடைசி நாளில் கையெழுத்துக்கு மட்டும் தேடாமல், கேள்வியை வடிவமைக்கும்போதே பக்கத்தில் உட்காரவைப்பதுதான் இதற்கு வழி.

அதே போல, வராமல் போகிறவர்கள். வேர் சிகிச்சை முடிந்து வலி போன பிறகு, ஆறாம் மாதம் ஒரு எக்ஸ்ரேவுக்காகக் கூலி வேலையை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி எந்த நோயாளி வருவார்? சாம்பிளைக் கணக்கிடும்போது இதற்கு இடம் விட வேண்டும். அத்தோடு பட்ஜெட்டில் பஸ் கட்டணம், ஒரு நாள் கூலி இழப்புக்கு ஈடு, போன் போட்டு நினைவூட்ட ஓர் ஆள் எல்லாம் வேண்டும். எத்திக்ஸ் கமிட்டிக்கும் இது நியாயமான செலவுதான். நம் பட்ஜெட்டுகளில் இந்த வரியைத்தான் காணோம்.

அதற்குப் பதிலாக என்ன இருக்கும்? ஒரு சிபிசிடி மெஷின், அதாவது பல்லையும் தாடையையும் முப்பரிமாணத்தில் படமெடுக்கும் ஸ்கேன் கருவி. துறைக்கு நெடுநாளாக வேண்டியிருந்த கருவியை ப்ராஜெக்ட் தலையில் கட்டுவது பழைய ஆசை. ஐம்பது சாம்பிளுக்காக ஒரு மெஷின் கேட்கிறார் என்றால் குழு சிரித்துவிட்டு அடுத்த ஃபைலுக்குப் போகும். எலக்ட்ரான் நுண்ணோக்கி மாதிரியான கருவிகளுக்கு ஐஐடி மெட்ராஸில் உள்ள சைஃப் என்ற பகுப்பாய்வுக் கருவி மையத்தில் கட்டணம் கட்டி அளவெடுக்கலாம். நாட்டில் எங்கெங்கே என்ன கருவி இருக்கிறது என்று ஐ-ஸ்டெம் தளத்தில் தேடலாம். ஒரு சாம்பிளுக்கு இவ்வளவு என்று கட்டணப் பட்டியலை இணைத்தால் பட்ஜெட்டுக்கு எலும்பு வந்துவிடும்.

எத்திக்ஸில் இரண்டு விஷயம். 2019ஆம் ஆண்டு மருந்து மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி, உயிர்மருத்துவ ஆய்வுகளைப் பார்க்கும் எத்திக்ஸ் கமிட்டி, சுகாதார ஆராய்ச்சித் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும். உங்கள் கமிட்டி பதிவானதா, பதிவு இன்னும் செல்லுபடியாகிறதா என்று பாருங்கள். இன்னொன்று, "பிடுங்கிய பல்தானே, குப்பைக்குப் போவதுதானே, எதற்கு எத்திக்ஸ்?" என்ற கேள்வி. அந்தப் பல்லும் ஒருவருடைய உடலிலிருந்து வந்ததுதான். கமிட்டிக்குப் போகாமல் தொடங்காதீர்கள். விலக்கு உண்டா என்று சொல்ல வேண்டியதும் அவர்கள்தான். சிகிச்சை கொடுத்து ஒப்பிடும் ஆய்வு என்றால் சிடிஆர்ஐ (இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேடு) பதிவும் வேண்டும். 2018 ஏப்ரல் 1 முதல் அங்கே முன்கூட்டிய பதிவு மட்டுமே. முதல் நோயாளியைச் சேர்த்துவிட்டால் அந்தக் கதவு மூடிவிட்டது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் கூட்டாளியாக இருந்து, பணமோ சாம்பிளோ எல்லை தாண்டுகிறது என்றால், சுகாதார அமைச்சகத்தின் ஆய்வுக் குழு அனுமதிக்குத் தனியாகச் சில மாதங்களை ஒதுக்குங்கள்.

காப்புரிமை எடுக்கும் எண்ணம் இருந்தால் முதலில் விண்ணப்பம், அதற்குப் பிறகே மாநாட்டு போஸ்டரும் கட்டுரையும். வரிசை மாறினால் புதுமை போயிற்று.

பணம் வந்த பிறகு செய்யும் தவறுகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. முதல் தவணை கல்லூரிக்கு வரும், பி.ஐ.யின் கைக்கு வராது. அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கு இது முதல் ப்ராஜெக்ட் என்றால், கட்டணக் கணக்கும் நல்கைக் கணக்கும் கலந்துவிடும் ஆபத்து உண்டு. நல்கைக்குத் தனிக் கணக்கு வைக்கச் சொல்லுங்கள். அந்தப் பணத்துக்கு வரும் வட்டி நம்முடையதல்ல, அரசுக்கே திரும்பச் செலுத்த வேண்டும். வாங்கும் கருவியும் அரசின் சொத்து, கேட்காமல் விற்கவோ இடம் மாற்றவோ முடியாது. ஆண்டு முடிவில் பொது நிதி விதிகளின் 12-ஏ படிவத்தில் யு.சி. (பணத்தைப் பயன்படுத்தியதற்கான சான்று) போக வேண்டும், அதுவும் செலவுக் கணக்கும் முன்னேற்ற அறிக்கையும் போகாமல் அடுத்த தவணை வராது. தவணை தாமதமானால் முதலில் அடிபடுவது ப்ராஜெக்ட் ஊழியரின் சம்பளம். அவர் இரண்டு மாதம் பார்த்துவிட்டு வேறு வேலைக்குப் போவார், அவரோடு ஃபாலோ-அப் பட்டியலும் போகும். ஆகவே பில்களை மார்ச்சில் தேடாமல் மாதாமாதம் ஃபைல் செய்யுங்கள். ஒவ்வொரு பில்லும் எந்தத் தலைப்பில் செலவானது என்று மேலேயே பென்சிலில் குறித்துவிடுங்கள்.

நேரத்தையும் எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. காலையில் கிளினிக், மதியம் ப்ரீகிளினிக்கல் லேப், நடுவில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை என்று இருக்கும் ரீடர் எப்போது ஆய்வு செய்வார்? வாரத்தில் ஓர் அரை நாளாவது ப்ராஜெக்டுக்கு என்று, ப்ரொபோசலோடு போகும் நிறுவனக் கடிதத்திலேயே சேர்த்து முதல்வரிடம் கையெழுத்து வாங்குங்கள். பணம் வந்த பிறகு கேட்டால், "நீங்கதானே மேடம் போட்டீங்க" என்பார்கள்.

ப்ரொபோசல் திரும்பி வந்தால் குழுவின் கருத்துகளை இரண்டு நாள் கழித்துப் படியுங்கள்; அன்றைக்கே படித்தால் கோபம்தான் வரும். அடுத்த அழைப்புக்குப் போடும்போது, ஒவ்வொரு கருத்துக்கும் எந்தப் பக்கத்தில் என்ன மாற்றினோம் என்று ஒரு பக்கப் பட்டியல் தயார் செய்துகொள்ளுங்கள். ஏற்காத கருத்து இருந்தால் ஏன் ஏற்கவில்லை என்பதையும் அதிலேயே எழுதுங்கள்.