பால்குடி மறக்கும் நாய்க்குட்டி தண்ணீர் குடிக்க மறுத்தால்: மிளகுக்கு நான் பழக்கிய விதம்

மிளகு எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு ஐந்து வாரம் இருக்கும் என்றார்கள். சிங்கப்பூரில் சுங்கை காடுட் பக்கம் ஒரு மரக்கிடங்கின் பின்னால், காய்ந்த வடிகாலுக்குள் தனியாகக் கிடந்தவள். தாயைத் தேடியிருக்கிறார்கள், கிடைக்கவில்லை. நாய்களை மீட்கும் குழு ஒன்றில் இருக்கும் அக்கா, "தம்பி, மூணே மூணு வாரம் வச்சுக்குங்க, தடுப்பூசி போட்டதும் நல்ல வீடா பாத்துரலாம்" என்று அட்டைப்பெட்டியோடு கையில் கொடுத்துவிட்டுப் போனார். அது பதினான்கு மாதத்துக்கு முந்தைய கதை. இதைத் தட்டச்சு செய்யும்போது மிளகு என் பாதத்தின் மேல் தலையை வைத்துப் படுத்திருக்கிறாள்.

வந்த அன்றே, தீனியை ஊறவைத்து மசித்த கூழை வழித்து நக்கிச் சாப்பிட்டாள். தண்ணீரைத்தான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எங்கே தேடினாலும் "சுத்தமான தண்ணீர் எப்போதும் வையுங்கள்" என்று இருந்தது. வைத்தேன். குடிக்கவில்லை. வைத்தும் குடிக்காவிட்டால் அடுத்து என்ன செய்வது என்று ஒருவரும் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

புட்டிப்பால் கரைப்பது, கூழுக்கு ஊறவைப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். நான்கு வாரத்துக்கும் குறைந்த குட்டி என்றால் பாலே போதும், தண்ணீருக்கு அவசரமில்லை. இங்கே சொல்வது நான்கிலிருந்து ஏழு வாரக் குட்டிக்கு.

எதற்கும் முன்னால் ஈறைத் தொட்டுப் பாருங்கள்

மேலுதட்டை மெல்லத் தூக்கி, விரல் நுனியால் ஈறைத் தொடுங்கள். ஈரமாக வழுக்கினால் நல்லது. பசை போல் விரலில் ஒட்டினால் உடம்பில் நீர் குறைகிறது. சிறுநீரையும் பாருங்கள். இந்த வயதுக் குட்டியின் சிறுநீர் கிட்டத்தட்டத் தண்ணீர் நிறத்தில்தான் இருக்கும், அடர் மஞ்சளாகப் போனால் கவனம் தேவை. பிடரித் தோலைக் கிள்ளிப் பார்க்கச் சொல்வார்கள். குட்டிகளுக்குத் தோலுக்கடியில் கொழுப்பு குறைவு என்பதால் அதை மட்டும் நம்ப முடியாது.

கூழையும் சேர்த்து மறுக்கிறது, வாந்தி எடுக்கிறது, வயிற்றுப்போக்கு, துணி போலத் துவண்டு கிடக்கிறது என்றால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு மருத்துவரிடம் ஓடுங்கள். இரவானாலும் காலைவரை காத்திருக்க வேண்டாம், 24 மணி நேர விலங்கு மருத்துவமனைகள் இங்கே உண்டு. குடலைத் தாக்கும் பார்வோ கிருமி இந்த வயதுக் குட்டிகளை வேகமாகக் கொண்டுபோய்விடும்.

ஈறு ஈரமாக இருக்கிறது, குட்டி துள்ளுகிறது, தண்ணீரை மட்டும் தொடவில்லையா? சரி, கீழே வாருங்கள்.

1. கூழில் போகும் தண்ணீரைக் கணக்குப் போடுங்கள்

இதை முதல் நாளே செய்திருந்தால் இரண்டு இரவு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். மிளகு அப்போது 1.6 கிலோ. ஒரு வேளைக்கு 20 கிராம் குட்டித் தீனியை 60 மி.லி. வெந்நீரில் ஊறவைத்து மசித்துக் கொடுத்தேன், ஒரு நாளைக்கு நான்கு வேளை. அதாவது கூழிலேயே 240 மி.லி. தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. ஒரு கிலோ எடைக்கு 150 மி.லி. வளர்ந்த நாய்க்கே ஒரு கிலோவுக்கு 50, 60 மி.லி. போதும். குட்டிக்குக் கூடுதலாக வேண்டும் என்றாலும் இது தாராளம்.

ஆக, அவளுக்குத் தாகமே இல்லை! நான்தான் கிண்ணத்தை வைத்துக்கொண்டு பின்னாலேயே அலைந்திருக்கிறேன்.

தாகம் வர வேண்டுமென்றால் கூழ் கெட்டியாக வேண்டும். இரண்டு நாளைக்கு ஒருமுறை ஒவ்வொரு வேளையிலும் 10 மி.லி. தண்ணீரைக் குறைத்தேன். 60, 50, 40 என்று இறங்கி, 30க்கு வந்தபோதுதான் சாப்பிட்டு முடித்ததும் உதட்டை நக்கிக்கொண்டு எதையோ தேட ஆரம்பித்தாள். சடாரென்று காய்ந்த தீனிக்கு மாற்றாதீர்கள். தண்ணீர் குடிக்கத் தெரியாத குட்டிக்குக் காய்ந்த தீனி கொடுப்பது ஆபத்து, அதில் ஈரம் பத்து சதவீதம் அளவுதான்.

சமையலறைத் தராசு ஒன்று கட்டாயம் வேண்டும். தினமும் ஒரே நேரத்தில் எடை போட்டு எழுதிவையுங்கள். எடை ஏறிக்கொண்டே இருந்தால் பயமில்லை.

2. கிண்ணத்தை மாற்றுங்கள்

புட்டியில் குடித்த குட்டிக்குத் தெரிந்தது சப்புவது. தண்ணீரைச் சப்ப முடியாது. நாக்கு நுனியைக் கரண்டி போலப் பின்பக்கமாக வளைத்துத் தண்ணீரை மேலே இழுத்து, அது விழுவதற்குள் வாயை மூட வேண்டும். நமக்குப் பார்க்க எளிது, அதற்கு அது ஒரு வித்தை. தாய் இருந்தால் பார்த்துக் கற்றுக்கொள்ளும். தாயில்லாத குட்டி முதலில் மூக்கைத்தான் விடும். ஆழமான கிண்ணமாக இருந்தால் மூக்கில் தண்ணீர் ஏறித் தும்மும். இரண்டு முறை தும்மினால் மூன்றாவது முறை கிட்டே வராது.

என் சிபாரிசு: கோப்பிக் கடையில் கோப்பிக் கோப்பைக்கு அடியில் வைத்துத் தருவார்களே, அந்தத் தடித்த பீங்கான் தட்டு. கனமாக இருப்பதால் நகராது. விளிம்பு தாழ்வு. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தண்ணீர் நிற்காது. பாத்திரக் கடையில் சில வெள்ளிக்குக் கிடைக்கும். மின்சாரத்தில் ஓடும் நீரூற்றுக் கிண்ணம் ஒன்றை நான் ஐம்பது வெள்ளிக்கு மேல் கொடுத்து வாங்கினேன். அதன் 'ம்ம்ம்' சத்தத்துக்கே மிளகு சோபாவுக்கு அடியில் போய்விட்டாள். முயல் கூண்டில் தொங்கும் உருண்டை வைத்த புட்டியும் வேண்டாம், குட்டி மறுபடியும் சப்பத்தான் பழகும்.

3. தரையில் படுத்துப் பாருங்கள்

நான் சறுக்கிய இடம் இது. கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

கோப்பித் தட்டுக்கு வருமுன், முதல் மூன்று நாளும் தண்ணீர் வைத்தது அம்மாவின் எவர்சில்வர் கிண்ணத்தில், வரவேற்பறை நடுவில். மிளகு நடந்து வருவாள், எட்டிப் பார்ப்பாள், முன்னங்கால்களை ஊன்றிக்கொண்டு பின்னாலேயே போவாள். ஒருமுறை கிண்ணத்தைப் பார்த்துக் குரைத்தாள், அந்த வயதில் அது குரைப்பு இல்லை, விக்கல் மாதிரி ஒரு சத்தம். எனக்கோ பதற்றம். பிடரியைப் பிடித்து மூக்கைத் தண்ணீரில் தொட வைத்தேன். அம்மா பார்த்துவிட்டார். "பச்சப்புள்ளய தண்ணியில அமுக்குறியே, ஒன்னைய அப்படியாடா வளத்தேன்?" என்று திட்டியது நியாயம்தான். அப்படிச் செய்யவே கூடாது. தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போனால் நுரையீரலில் சளி கட்டும், சிறு குட்டிக்கு உயிர்போகும் விஷயம் அது. அதுபோக, அன்று முழுக்க அவள் கிண்ணம் இருந்த பக்கமே வரவில்லை.

மறுநாள் காலை அவள் உயரத்துக்குக் கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்தேன். கிண்ணத்துக்குள் பார்த்தால் மின்விசிறி சுற்றுகிறது. பளபளக்கும் அடித்தகட்டிலும் தண்ணீரிலுமாக, மூன்று கறுப்பு இறக்கைகள் வெட்டி வெட்டிச் சுழல்கின்றன. அதற்குள் தலையை விடு என்றால் நானே விட மாட்டேன்.

விசிறியை நிறுத்தினேன். வந்து முகர்ந்தாள். அவ்வளவுதான் சிக்கல்.

நம் ஊர் வெக்கையில் விசிறியை நிறுத்திவைத்து எத்தனை நாள் வாழ முடியும்? அதனால் தட்டைச் சாப்பாட்டு மேசைக்கு அடியில் நகர்த்தினேன். உங்கள் வீட்டில் விசிறியாக இல்லாமல் இருக்கலாம். சன்னல் வெளிச்சம் கண்ணில் அடிக்கலாம், துணி துவைக்கும் இயந்திரம் பக்கத்தில் அதிரலாம், சிறுநீர் விரிப்பு ஒட்டினாற்போல் இருக்கலாம் (கழிக்கும் இடத்தில் குடிக்க நாய்க்குப் பிடிக்காது). இன்னொன்று, நம் வீட்டுத் தரைகள். பளிங்குக் கல்லில் ஒரு சொட்டுச் சிந்தினாலும் முன்னங்கால் இரண்டும் பக்கத்துக்கு ஒன்றாக விலகிவிடும். தட்டுக்கு அடியில் பழைய துண்டை விரியுங்கள்.

4. பாலிலிருந்து தண்ணீருக்கு

இடமும் தட்டும் சரியானதும் இது எளிது. நாய்க்குட்டிகளுக்கான பால்மாவைக் கரைத்துத் தட்டில் இரண்டு மேசைக்கரண்டி ஊற்றுங்கள். பசும்பால் வேண்டாம், வயிற்றைக் கலக்கும். விரல் நுனியைத் தோய்த்து உதட்டில் தடவி, விரலை நக்கும்போதே மெல்லக் கீழே இறக்கித் தட்டுக்குக் கொண்டுபோங்கள். விரல் பாலுக்குள் முங்கியிருக்க, நாக்கு தானாக அங்கே வரும். நான்காவது தடவையில் மிளகு விரலை விட்டுவிட்டுப் பாலை நக்கினாள்.

முதல் நாள் முழுப்பால். இரண்டாம் நாள் முக்கால் பால், கால் தண்ணீர். அப்புறம் பாதிப் பாதி. அப்புறம் கால் பால். ஐந்தாம் நாள் வெறும் தண்ணீரில் ஒரு சொட்டுப் பால், வாசனைக்கு. ஒரு படியில் முகத்தைத் திருப்பினால் முந்தைய படிக்கு ஒரு நாள் திரும்புங்கள், தவறில்லை. நீர்க்கவைப்பது இந்தத் தட்டில் உள்ளதை மட்டும்தான். குட்டி இன்னும் புட்டியில் பால் குடிக்கிறதென்றால் அந்தப் பாலில் தண்ணீரைக் கூட்டாதீர்கள், சத்துக் குறைந்துவிடும். அரை மணி நேரத்துக்கு மேல் பால்தட்டை வைக்கவும் கூடாது, நம் வெயிலுக்குப் புளித்துவிடும்.

எப்போது வைப்பது? தூங்கி எழுந்ததும், சாப்பிட்டு முடித்ததும், ஓடிக் களைத்ததும். ஒரு தப்பு நான் செய்தேன். தண்ணீரை மறுத்ததும் பாவம் என்று உடனே புட்டியை எடுத்தேன். இரண்டே நாளில் கணக்குப் புரிந்துகொண்டாள், தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அடுப்படியைப் பார்ப்பாள். தட்டுக்கும் புட்டிக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது விடுங்கள்.

ஊசியில்லாத மருந்துக் குழாயில் தண்ணீர் புகட்டலாமா என்று கேட்பார்கள். நாக்குக்கு ருசி காட்ட உதட்டோரம் இரண்டு சொட்டு விடலாம், தலை நிமிராமல், கன்னப் பக்கமாக. தொண்டையை நோக்கிப் பீய்ச்சாதீர்கள். நான் ஒரு தடவை செய்து அவள் இருமியதைக் கேட்டபின் அந்தக் குழாயைத் தூக்கிப் போட்டுவிட்டேன்.

எந்தத் தண்ணீர்? குழாய்த் தண்ணீரே போதும், நாம் அப்படியே குடிக்கிற தண்ணீர்தானே. என் அம்மா ஒப்பவில்லை, இன்றுவரை மிளகுக்குக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர்தான் போகிறது. குளிர்பெட்டித் தண்ணீர் மட்டும் குட்டிக்கு வேண்டாம். காலை, மதியம், இரவு மூன்று முறை தட்டைக் கழுவி மாற்றுங்கள். தேங்கும் நீரில் ஏடிஸ் கொசு ஒரு வாரத்துக்குள் முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாகிவிடும். வீட்டில் கொசு பெருகவிட்டால் இங்கே அபராதம் உண்டு, அதை வாங்கிக்கொண்டு நாய்மேல் பழி போட முடியாது.

பின்சேர்க்கை 1: கோழித் தண்ணீர்

தண்ணீரில் ருசிக்குக் கோழி வேகவைத்த நீரைக் கலக்கலாம் என்று முதலில் ஒரு வரி எழுதியிருந்தேன். ஒருவர் வீட்டில் மீந்த கோழி ரசத்தை ஊற்றிவிட்டு, குட்டிக்கு வயிறு போகிறது என்று எழுதினார். தப்பு என்னுடையது, விளக்கியிருக்க வேண்டும். வெறும் கோழி, வெறும் தண்ணீர். உப்பு, மிளகு, இஞ்சி எதுவும் கூடாது. வெங்காயமும் பூண்டும் நாய்க்கு நஞ்சு, இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். ஆறியதும் மேலே மிதக்கும் கொழுப்பை எடுத்துவிட்டு, தட்டுத் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி. உப்பில்லாத வடிகஞ்சியும் அதே அளவுக்குச் சரிதான். பழைய சோற்று நீராகாரம் நமக்கு அமிர்தம், குட்டிக்கு வேண்டாம்.

பின்சேர்க்கை 2: எறும்பு

கூழ்க் கிண்ணத்துக்கு எறும்பு வராமலிருக்க, அதைத் தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தில் வைத்திருக்கிறார் ஈசூன் வட்டாரத்தில் ஒருவர். அவருடைய குட்டி நான்கு நாளாகத் தண்ணீர்க் கிண்ணத்தைத் தொடவில்லை, ஆனால் தாம்பாளத்து நீர் தினமும் குறைந்துகொண்டே போயிருக்கிறது. ஆவியாகிறது என்று நினைத்தாராம். அரை சென்டிமீட்டர் ஆழம், மங்கிய பித்தளை, பிரதிபலிப்பு இல்லை. குட்டி தனக்கு வேண்டியதைத் தானே தேர்ந்தெடுத்திருக்கிறது! கிண்ணத்தை எடுத்துவிட்டு, அந்தத் தாம்பாளத்தையே தினமும் கழுவித் தண்ணீர் வைக்கச் சொன்னேன்.

பின்சேர்க்கை 3: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு

வீவக வீட்டில் இப்படிக் குட்டியை வைத்துப் பார்க்கலாமா என்று பலர் கேட்கிறீர்கள். ஒரு வீட்டுக்கு ஒரு நாய்தான், அதுவும் அனுமதிக்கப்பட்ட வகை. கலப்பினக் குட்டிக்குத் தனித் திட்டம் இருக்கிறது, குட்டியைத் தரும் மீட்புக் குழுவிடமே கேட்டுக்கொண்டு பிறகு வாங்குங்கள். மூன்று மாதம் தாண்டினால் தேசியப் பூங்காக் கழகத்தின் உரிமமும் வேண்டும்.

பின்சேர்க்கை 4: குடிக்கிறது, ஆனால் காலையும் உள்ளே வைக்கிறது

மிளகும் இப்படித்தான். தண்ணீர் பயம் போனதும் தட்டு விளையாட்டுச் சாமானாகிவிட்டது. அந்தச் சமயம் வந்தால் கோப்பித் தட்டிலிருந்து கொஞ்சம் ஆழமான பீங்கான் கிண்ணத்துக்கு மாறலாம், அவள் ஏழாவது வாரத்தில் மாறினாள். அடியில் விரித்த துண்டை மட்டும் தினமும் மாற்றுங்கள், இரண்டாம் நாளே நாறும்.