புற்றுநோய் வேதியியல் ஆய்வுக்கு நிதி கேட்கும்போது நேரும் தவறுகள்

நம் கல்லூரி, பல்கலைக்கழக வேதியியல் துறைகளிலிருந்து அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்கும் (ஐ.சி.எம்.ஆர்.) செல்லும் புற்றுநோய் ஆய்வு முன்மொழிவுகளில் பல ஒரே அச்சில் வார்த்தவை. புதிய ஈந்தணைவி (உலோக அணுவோடு பிணையும் மூலக்கூறு) ஒன்று, அதனுடன் செம்பு அல்லது ருத்தேனியம், டி.என்.ஏ.வுடன் பிணைப்பு, முடிவில் ஹீலா என்ற கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் செல்களில் ஒரு ஐ.சி.50 மதிப்பு (செல் வளர்ச்சியைப் பாதியாகக் குறைக்கும் மருந்தளவு). எந்தப் புற்றுநோயில், இப்போதுள்ள மருந்து எங்கே தோற்கிறது என்பதற்காக இந்த மூலக்கூறு வேண்டும் என்ற கேள்வி மட்டும் அதில் இருக்காது. முதல் தவறு அதுதான்; மற்றவை பெரும்பாலும் அதிலிருந்து பிறப்பவை.

பிளாட்டினம் அடங்கிய புற்றுநோய் மருந்தான ‘சிஸ்பிளாட்டினைவிடச் சிறந்தது’ என்ற வரியை எழுதும் முன் இரண்டு முறை யோசிக்க வேண்டும். மின்புலம் பாக்டீரியாவை என்ன செய்கிறது என்று பார்க்கப்போன பார்னெட் ரோசன்பர்க் குழு, பிளாட்டின மின்முனையிலிருந்து கரைந்த சேர்மங்களே செல் பிரிவைத் தடுப்பதை 1965இல் வெளியிட்டது. அவற்றில் ஒன்றான சிஸ்பிளாட்டினுக்கு அமெரிக்காவில் மருந்தாக ஒப்புதல் கிடைத்தது 1978இல். அத்தகைய மருந்தை, கிண்ணத்தில் 48 மணி நேரம் வளர்த்த செல்களைக் காட்டி வென்றுவிட்டதாகச் சொல்ல முடியாது. அந்த ஒப்பீடே பிழையாக இருப்பதும் உண்டு. சிஸ்பிளாட்டினை டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் கரைத்தால், அக்கரைப்பானின் கந்தகம் குளோரைடை அகற்றிவிட்டுப் பிளாட்டினத்தோடு பிணைந்துகொள்ளும். மருந்தின் வீரியம் போய்விடும். ஆகவே நம் சேர்மம் வென்றது முடமாக்கப்பட்ட எதிரியை. உப்புக் கரைசலில் கரைத்தோம் என்று ஒரு வரி எழுதியிருந்தாலே மதிப்பீட்டாளரின் ஐயம் பாதி தீர்ந்துவிடும்.

எவ்வளவு செல்கள் உயிரோடு உள்ளன என்று காட்டும் எம்.டி.டி. சோதனையிலும் இதே கவனம் தேவை. உயிருள்ள செல்கள் மஞ்சள் நிறச் சாயத்தை ஒடுக்கி ஊதா நிறமாக்குவதே அதன் அடிப்படை. தயோல் (கந்தகம்-ஹைட்ரஜன்) தொகுதியுள்ள சேர்மங்களும் தாவரங்களில் காணப்படும் பாலிபீனால்கள் பலவும் சோதனைத் தட்டில் செல்லே இல்லாத குழியிலும் அந்த வேலையைச் செய்துவிடுவதால், செத்த செல்கள் பிழைத்திருப்பதுபோல் தோன்றும். செல் இல்லாத கட்டுப்பாட்டுக் குழிகளையும் வேறு முறையில் ஒரு சரிபார்ப்பையும் முன்மொழிவிலேயே குறிப்பிட வேண்டும். மஞ்சளின் குர்குமினை வைத்து விண்ணப்பிப்போருக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும்: அது பல சோதனைகளில் பொய்யான நேர்மறை காட்டக்கூடியது, நீரில் கரையாதது, உடலில் எளிதில் சிதைவது. நம் வீட்டுப் பொருள் என்ற பாசம் மதிப்பீட்டில் செல்லாது.

செல் வரிசையின் (ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கப்படும் ஒரே மூலத்துச் செல்கள்) அடையாளத்தைச் சோதிக்காமல் விடுவதும் கேடு. எம்.டி.ஏ.-எம்.பி.-435 என்ற வரிசையை மார்பகப் புற்று என்று நம்பி ஆண்டுக்கணக்கில் ஆய்வு நடந்தது. பிறகு அது மெலனோமா என்ற தோல் புற்று என்று தெரிந்தது. அண்டை ஆய்வகத்தில் கடன் வாங்காமல், புனேயிலுள்ள தேசிய செல் அறிவியல் மையம் போன்ற இடத்தில் பெற்று, டி.என்.ஏ. அடையாளச் சோதனைக்கும் செல் வளர்ப்பில் கலந்துவிடும் மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரிக்கான சோதனைக்கும் வரவுசெலவுத் திட்டத்தில் தொகை ஒதுக்க வேண்டும்.

எலி ஆய்வு என்று எழுதுபவர்கள் கணக்குப் போட்டுப் பார்ப்பது அரிது. 20 கிராம் எலிக்குக் கிலோவுக்கு 10 மி.கி. வீதம் ஒரு வேளைக்கு 0.2 மி.கி.; 8 எலிகள், 12 வேளைகள் என்றால் 19.2 மி.கி. இது ஒரு குழுவுக்கு மட்டும். நச்சுத்தன்மை, அளவு தேடல், இரத்தத்தில் தங்கும் நேரம் ஆகியவற்றையும் சேர்த்தால் நூற்றுக்கணக்கான மில்லிகிராம் வேண்டும். வினைக்கு 5 மி.கி. மட்டும் தேறும் தொகுப்பு முறையை வைத்துக்கொண்டு முதலாண்டிலேயே எலி என்று அட்டவணை போட்டால், விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வந்த பிறகும் ஊசியில் ஏற்ற மருந்து இருக்காது.

இணை ஆய்வாளரைக் கடைசி வாரத்தில் தேடுவதும் பழகிப்போன வழக்கம். புற்றுநோய் மருத்துவர் ஒருவரின் கையொப்பமிட்ட கடிதம் மட்டும் இருந்து, அவர் செய்யப்போகும் வேலையும் அதற்கான செலவும் எங்கும் இல்லையென்றால், அதை மதிப்பீட்டாளர் உடனே கண்டுகொள்வார். அவர் எந்தச் சோதனையைச் செய்வார், எந்த மாதத்தில் செய்வார் என்று அவரையே எழுதச் சொல்லி வாங்குவது நல்லது.