பச்சை பிடித்த நீச்சல் குளம்: தண்ணீரைக் கொட்டாமல் தெளிய வைப்பது எப்படி?

மார்ச்சில் பத்து நாள் கும்பகோணம் போய்விட்டு பெங்களூரு சர்ஜாபூர் வீட்டுக்குத் திரும்பினால், பின்பக்கக் குளம் கோயில் குளம் மாதிரி பச்சையாக நிற்கிறது. கிளம்பும்போது மெயினை அணைத்த புண்ணியவான் நான்தான். அதோடு பம்பும் நின்றுபோயிருந்தது. மேலே டபேபுயா பூக்கள் ஊறி அழுகிக் கிடந்தன.

"திறந்து விட்டுடுங்க, புதுசா ரொப்பிக்கலாம்" என்றாள் மனைவி. அது முடியாது. எங்கள் குளம் 6 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.25 மீட்டர். மூன்றையும் பெருக்கினால் 30 கன மீட்டர், அதாவது 30,000 லிட்டர். 6,000 லிட்டர் டேங்கர் ஐந்து வேண்டும். 2024 கோடையில் குடிநீர் வாரியம் நீச்சல் குளங்களுக்குக் குடிநீரைப் பயன்படுத்தத் தடை போட்டு, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்த ஊர் இது. பாசி பிடித்த தண்ணீர் கெட்டுப்போன தண்ணீர் இல்லை. தெளிய வைக்கலாம்.

முதலில் வலையால் இலை, பூ எல்லாவற்றையும் அள்ளுங்கள். பிறகு சுவர், படிக்கட்டு, மூலை என்று பிரஷ்ஷால் தேயுங்கள். வழுவழுப்பு போகாமல் மருந்து உள்ளே இறங்காது.

அடுத்து பி.எச்., அதாவது தண்ணீரின் அமில-கார அளவு. நான் கோட்டை விட்டது இங்கேதான். இரண்டு நாள் குளோரினாகக் கொட்டினேன், பச்சை அசையவில்லை. சொட்டு மருந்து கிட் வாங்கிச் சோதித்தால், குப்பித் தண்ணீர் அடர் ரோஜா நிறத்தில் நின்றது: பி.எச். 8-க்கு மேல். பி.எச். 7.5-இல் குளோரினில் ஏறக்குறைய பாதி கிருமியைக் கொல்லும் வடிவில் இருக்கும். 8-இல் கால் பங்குகூடத் தேறாது. இங்கே டேங்கரில் வருவது பெரும்பாலும் போர்வெல் தண்ணீர். உப்பும் காரமும் அதிகம் என்பதால் பி.எச். ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

எனவே முதலில் 7.2-க்கு இறக்குங்கள். 30,000 லிட்டருக்கு முதல் தவணையாக 250 மில்லி ஹைட்ரோகுளோரிக் ஆசிட். ஒரு வாளித் தண்ணீரில் ஆசிட்டை ஊற்ற வேண்டும். ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது. பம்பு ஓடும்போது ஆழமான பக்கத்தில் மெதுவாக விடுங்கள். நாலு மணி நேரம் கழித்துச் சோதித்து, 7.2 வரும் வரை தேவைப்பட்டால் இன்னொரு 250 மில்லி. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

இப்போது குளோரின். 65 சதவீத கால்சியம் ஹைப்போகுளோரைட் குருணை நல்லது. சாதா பிளீச்சிங் பவுடரில் குளோரின் அதில் பாதிதான், அடியில் சுண்ணாம்பும் தங்கும். கணக்கு எளிது: 30,000 லிட்டருக்கு 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) ஏற 46 கிராம். பாசியைக் கொல்ல 10 பிபிஎம், அதாவது ஏறக்குறைய அரைக் கிலோ. வாளித் தண்ணீரில் கரைத்து, பொழுது சாய்ந்த பிறகு ஊற்றுங்கள். வெயிலில் குளோரின் சீக்கிரம் அழிந்துவிடும். ஆசிட்டும் குளோரினும் ஒரே வாளியைப் பார்க்கவே கூடாது, விஷ வாயு கிளம்பும். டிசிசிஏ என்ற இன்னொரு வகைக் குளோரின் மாத்திரையையும் இந்தக் குருணையையும் கலந்தால் தீப்பிடிக்கலாம். கரண்டி உட்பட எல்லாம் தனித்தனி.

பம்பை இரவும் பகலும் ஓடவிட்டு, பிரஷர் மீட்டர் ஏறும்போதெல்லாம் ஃபில்டரைப் பேக்வாஷ் செய்யுங்கள், அதாவது தண்ணீரை எதிர்ப்பக்கமாக விட்டுக் கழுவுங்கள். மறுநாள் காலை எங்கள் குளம் நீர்மோர் நிறத்துக்கு மாறியிருந்தது. பயப்பட வேண்டாம், அது செத்த பாசி. இரவில் இருந்த குளோரின் காலையில் 1 பிபிஎம்முக்கு மேல் குறைந்திருந்தால் உயிருள்ள பாசி இன்னும் இருக்கிறது. சாயங்காலம் மறுபடி போடுங்கள். எனக்கு மூன்று இரவுகள் ஆயின.

மிச்சக் கலங்கலுக்குப் படிகாரம். ஆற்றுத் தண்ணீர் கலங்கலாக வந்தால் பாட்டி குடத்துக்குள் தேற்றாங்கொட்டையை இழைப்பாள், அதே வித்தைதான். ஒரு கிலோவைக் கரைத்து ஊற்றி, ஃபில்டர் வால்வை ரீசர்குலேட்டில் (தண்ணீர் ஃபில்டருக்குள் போகாமல் சுற்றும் நிலை) வைத்து ஒரு மணி நேரம் சுற்றவிட்டு, பம்பை நிறுத்துங்கள். விடிந்ததும் அடியில் சாம்பல் நிறப் படலம் கிடக்கும். கலக்காமல், வால்வை வேஸ்ட்டில் வைத்து, வேக்குவத்தால் மெல்ல உறிஞ்சி வெளியேற்றுங்கள். கொஞ்சம் தண்ணீர் போகத்தான் செய்யும், அதை மட்டும் நிரப்பினால் போதும்.

பி.எச். தடுமாறாமல் தாங்கும் காரத்தன்மையைப் படிகாரம் தின்றுவிடும். அது 80 பிபிஎம்முக்குக் கீழே போயிருந்தால், ஒவ்வொரு 10 பிபிஎம் ஏற்றத்துக்கும் அரைக் கிலோ சமையல் சோடா போடுங்கள். பி.எச். 7.4 அருகே, குளோரின் 1 முதல் 3 வரை. வாரம் இரண்டு தடவை சோதித்தால் போதும். வெயில் காலத்தில் நான் ஒன்றுவிட்டு ஒருநாள் பார்க்கிறேன்.

குளோரின் 3-க்கு இறங்கும் வரை யாரும் இறங்கக் கூடாது. என் மகன் கேட்டபாடில்லை, தினமும் கரையில் வந்து நின்றான். ஆழமான பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தைப் போட்டு, பூவா தலையா என்று மேலேயிருந்தே சொன்னால் குதிக்கலாம் என்றேன். ஐந்தாம் நாள் காலையில் "தலை!" என்று கத்தினான். அவசரத்தில் தப்பாகச் சொல்லிவிட்டான், பூதான் விழுந்திருந்தது. சாயங்காலம் வரை காத்திருக்க வைத்தேன்.