பெப்பர் ஸ்பிரே வாங்கினால் மட்டும் போதாது: பெண்கள் பாதுகாப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெண்கள் பாதுகாப்பு என்று பேச்செடுத்தாலே, "ராத்திரியில தனியாப் போகாதே, தெரியாதவங்ககிட்ட பேசாதே" என்றுதான் தொடங்குகிறோம். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகள் வேறு விஷயத்தைச் சொல்கின்றன. பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல், குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே தெரிந்தவர்: உறவினர், பக்கத்து வீட்டுக்காரர், நண்பர், வேலை கொடுத்தவர். அந்நியனை மட்டும் மனத்தில் வைத்துத் தயாராவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு.

தெரிந்தவரிடம் முகத்துக்கு நேரே "வேண்டாம்" என்று சொல்லும் பழக்கம் எந்தக் கராத்தே வகுப்புக்கும் முன்னால் வர வேண்டும். மாமா மடியில் உட்கார மாட்டேன் என்று அடம்பிடிக்கும் குழந்தையை "மரியாதை இல்லாம பேசாதே" என்று அதட்டுகிறோமே, அங்கேயே அந்தப் பழக்கத்தை ஒடித்துவிடுகிறோம். பெரியவளான பிறகு அவளுக்குத் தைரியம் இல்லை என்று வருத்தப்படுவதில் என்ன நியாயம்?

பஸ்ஸிலும் இதேதான் நடக்கிறது. ஒருவன் உரசுகிறான். "அண்ணா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று மெல்லிய குரலில் சொல்கிறோம். அது அவன் காதோடு போய்விடும். சுற்றியிருப்பவர்களுக்கு ஏதோ சில்லறைத் தகராறு போலத் தெரியும். "நீலச் சட்டை! கையை எடு!" என்று உரத்துச் சொன்னால் பஸ் மொத்தமும் யாரைத் திரும்பிப் பார்க்க வேண்டுமோ அவனைப் பார்க்கும். உதவி கேட்கும்போதும் பொதுவாக "யாராவது வாங்க" என்று கத்துவதைவிட ஒருவரைச் சுட்டிக் கேளுங்கள்: "கண்டக்டர், வண்டியை நிறுத்துங்க." தமிழ்நாடு மோட்டார் வாகன விதிகளில் 2022-இல் கொண்டுவந்த திருத்தப்படி, பெண் பயணிகளிடம் தவறாக நடப்பவனை இறக்கிவிடவோ காவல் நிலையத்தில் ஒப்படைக்கவோ வேண்டியது கண்டக்டரின் கடமை. நீங்கள் அவரிடம் சலுகை கேட்கவில்லை.

அடுத்தது கருவிகள். பெப்பர் ஸ்பிரே வாங்கி, டிபன் பாக்ஸுக்கும் குடைக்கும் அடியில் புதைத்து வைத்திருப்பவர்கள் ஏராளம். வாங்கிய நாளிலிருந்து ஒருமுறைகூட அழுத்திப் பார்த்திருக்க மாட்டார்கள். அதற்கும் காலாவதித் தேதி உண்டு. எதிர்க்காற்றில் அடித்தால் நம் கண்ணிலேயே விழும். திறந்த வெளியில் ஒருமுறை அடித்துப் பழகுங்கள். ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் நடக்கும்போது அது கையில் இருக்க வேண்டும். போனிலும் இதே கதைதான். பவர் பட்டனைச் சில போன்களில் மூன்று முறையும் சிலவற்றில் ஐந்து முறையும் அடுத்தடுத்து அழுத்தினால் அவசர அழைப்பு போகும். உங்கள் போனில் அது எப்படி, அந்த வசதி இயக்கத்தில் இருக்கிறதா என்று இன்றே செட்டிங்ஸில் பாருங்கள். வாட்ஸ்அப்பில் லைவ் லொக்கேஷன் அனுப்பினால் 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று மூன்று தேர்வுகள்தான். அனுப்பினால் மட்டும் போதாது, மறுமுனையில் ஒருவர் அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். டாக்ஸி ஓட்டுநரிடம் உங்கள் பெயரைச் சொல்லி "நீங்கதானே?" என்று கேட்காதீர்கள். யாருக்காக வந்திருக்கிறார் என்று அவர் சொல்லட்டும். வண்டி எண்ணைச் சரிபார்த்த பிறகு ஏறுங்கள்.

தற்காப்பைப் பற்றி இணையத்தில் சுற்றும் யோசனைகள் பல ஆபத்தானவை. விரல் இடுக்கில் சாவிகளைச் செருகிக் குத்தச் சொல்வார்கள். அப்படிக் குத்தினால் காயம் நம் விரலுக்குத்தான். உள்ளங்கையின் அடிப்பகுதியால் மூக்கில் தாக்குவதும் முழங்கையால் இடிப்பதும் மேல். மணிக்கட்டைப் பிடித்தால் பின்னால் இழுக்காதீர்கள்; அவன் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் இடையிலுள்ள சந்து வழியாகத் திருப்பி உருவுங்கள். வீடியோவில் பார்த்தால் இது வராது, யாரையாவது இறுக்கிப் பிடிக்கச் சொல்லிப் பழக வேண்டும். இதெல்லாம் சண்டையில் ஜெயிப்பதற்காக அல்ல, ஓடுவதற்கு இரண்டு நொடி கிடைப்பதற்காக. சங்கிலியையோ பையையோ பறித்தால் இழுபறியே வேண்டாம், விட்டுவிடுங்கள். ஆனால் வண்டியில் ஏற்றவோ வேறு இடத்துக்கு இழுத்துப் போகவோ பார்த்தால், எல்லா பலத்தையும் அந்த இடத்திலேயே காட்டுங்கள்.

திருப்பி அடித்தால் நம் மேல் கேஸ் வருமோ என்ற பயமும் பலரைத் தடுக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பற்றியவை. ஆபத்து நீடிக்கும் வரை, தேவையான அளவுக்குத் திருப்பித் தாக்கலாம். பாலியல் வன்கொடுமை, கடத்தல், ஆசிட் வீச்சு போன்ற முயற்சிகளில் அந்த உரிமை, தாக்குபவனின் உயிர் போகும் அளவுக்கும் நீளும்.

உடம்பு விறைத்து, குரலே எழும்பாமல் போவதும் உண்டு. அது கோழைத்தனமோ சம்மதமோ அல்ல, பயத்தில் உடல் தானாகச் செய்வது. "ஏன் கத்தல?" என்று யாரும் கேட்காதீர்கள்.

வன்கொடுமை நடந்துவிட்டால் உடனே குளிக்கவும் துணியைத் துவைக்கவும்தான் தோன்றும். முடிந்தவரை வேண்டாம், துணிகளைப் பிளாஸ்டிக் கவரில் போடாமல் காகித உறையில் வையுங்கள். தனியார் மருத்துவமனையானாலும் இலவசச் சிகிச்சை தர மறுப்பது குற்றம். "எங்க எல்லை இல்ல" என்று காவல் நிலையத்தில் திருப்பி அனுப்பவும் முடியாது; எந்த நிலையத்திலும் ஜீரோ எஃப்ஐஆர், அதாவது எல்லை பார்க்காமல் பதியும் முதல் தகவல் அறிக்கை, பதியலாம். அந்தரங்கப் படத்தைக் காட்டி மிரட்டுபவனுக்குப் பணம் கொடுப்பதும், வெட்கப்பட்டு அவனோடான சாட் உரையாடலை அழிப்பதும் அவனுக்கே உதவும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதியுங்கள். அலுவலகத்தில் பாலியல் தொல்லை என்றால் அங்கேயுள்ள உள் புகார்க் குழுவிடம் பொதுவாக 3 மாதத்துக்குள் புகார் தர வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. ஒருவன் பின்தொடர்கிறான் என்று மகள் வந்து சொன்னால் கல்லூரியை நிறுத்துவது, போனைப் பிடுங்குவது, அவசரமாக மாப்பிள்ளை பார்ப்பது என்று எத்தனை வீடுகளில் நடக்கிறது! தண்டனை அவளுக்கா? அக்காவுக்கு நடந்ததைப் பார்த்த தங்கை அடுத்த முறை வாயே திறக்க மாட்டாள். "நீ சொன்னது நல்லதாப் போச்சு" என்று முதலில் சொல்லுங்கள். அவன் எங்கே, எப்போது, எப்படி வருகிறான் என்று தேதியோடு அவளுடன் உட்கார்ந்து எழுதி வையுங்கள். பெண்களுக்கான 181-ஐ அழைத்து ஆலோசனை கேளுங்கள். உடனடி ஆபத்து என்றால் 112. புகார் கொடுக்க அவளோடு நீங்களும் போங்கள். மறுநாள் அவள் வழக்கம்போலக் கல்லூரிக்குப் போகட்டும்.