மேட்ரிக் பிள்ளைகளுக்கு: குரோமோசோம் ஜோடி குழம்பாமல் இருக்க

டர்பனில் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பக்கம் இந்த வருடம் மேட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு) எழுதும் பிள்ளை வீட்டில் இருந்தால், தையல் பெட்டியைக் கொடுங்கள். உயிரியல் இரண்டாம் தாளில் வரும் மியோசிஸ் (விந்து, முட்டை செல்கள் உண்டாகும் செல் பிரிவு) கேள்விக்கு அது போதும்.

குரோமோசோம் என்பது செல்லுக்குள் மரபணுக்களைத் தாங்கும் இழை. சிவப்புக் கம்பளி நூல் அம்மா வழி வந்தது, நீலம் அப்பா வழி வந்தது. ஒவ்வொரு நிறத்திலும் நீளமாக இரண்டு, குட்டையாக இரண்டு வெட்டுங்கள். ஒரே நிறம், ஒரே நீளம் உள்ள இரண்டையும் ஒரு பிரஸ் பட்டனின் இரு பாதிகளில் தைத்து அழுத்திவிடுங்கள். இரண்டு நூலும் ஒன்றின் இரு நகல்கள்; பட்டன் மூடியிருக்கும்வரை அது ஒரே குரோமோசோம்தான். எண்ணும்போது நூலை விட்டுவிட்டு பட்டனை எண்ணச் சொல்லுங்கள். பல பிள்ளைகள் மார்க் விடுவது இங்கேதான்.

சாதாரண செல் பிரிவில் (மைட்டோசிஸ்) நான்கு குரோமோசோமும் தனித்தனியாக செல்லின் நடுவில் நிற்கும், பட்டன் திறக்கும். ஜோடி சேர்வது கிடையாது. மியோசிஸின் முதல் பிரிவில்தான் நீளச் சிவப்பு நீள நீலத்தோடு ஒட்டி நிற்கும். அப்போது ஒரு சிவப்பு நுனியையும் ஒரு நீல நுனியையும் வெட்டி மாற்றி முடிச்சுப் போடுங்கள். அப்புறம் ஜோடி பிரியும், பட்டன் திறக்காது. அது இரண்டாம் பிரிவின் வேலை.

மனிதனில் இப்படி 23 ஜோடி. 21வது ஜோடி பிரியாமல் போனால் குழந்தைக்கு டவுன் சின்ட்ரோம் வரலாம்.

நம் குவாசுலு-நட்டால் தென்கரை வாழைப்பழத்தில் விதை இல்லாததற்கும் ஜோடி சேர முடியாதது ஒரு முக்கியக் காரணம்: அதில் மூன்று தொகுதி, மொத்தம் 33 குரோமோசோம். மூன்றை எப்படி ஜோடி சேர்ப்பது?