கிளிக்குக்குக் காசு: டர்பன்ல கடை வெச்சிருக்கறவங்களுக்கும் சைட் வெச்சிருக்கறவங்களுக்கும்

கூகுள்ல விளம்பரம் போட்டா யாராவது கிளிக் பண்ணாதான் காசுன்னு எல்லாரும் ஈஸியா சொல்லிடறாங்க, ஆனா அந்த கிளிக் யாரோடதுங்கறதுலதான் மொத்த விஷயமும் இருக்கு. சும்மா எட்டிப் பாத்துட்டுப் போறவருக்கும் உங்க ரேண்டு போகும், ஆர்டர் குடுக்கறவருக்கும் போகும்.

முதல்ல கணக்கு போட்டுப் பாருங்க. டர்பன்ல சாட்ஸ்வர்த் ஏரியால வீட்டுல இருந்தே கேட்டரிங் பண்றீங்கன்னு வெச்சுக்குவோம். கிளிக்குக்கு 5 ரேண்டு (கணக்குக்காக சொல்றேன்), நாளைக்கு 100 ரேண்டு ஒதுக்கினா 20 பேர் வருவாங்க, அதுல ஒருத்தர் ஆர்டர் குடுத்தா அந்த ஒரு ஆளைப் பிடிக்க 100 ரேண்டு ஆச்சு. கல்யாண சாப்பாடுன்னா தாங்கும். முறுக்கு பாக்கெட்டுக்குத் தாங்கவே தாங்காது, அதுக்கு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸே போதும். பில்லுல 15 சதவீதம் வாட் வேற தனியா ஏறும். அப்புறம் 100னு போட்டீங்கன்னா சில நாள் 200 வரைக்கும் போகும், பதறாதீங்க, மாசத்துக்கு அதோட 30.4 மடங்கு, அதாவது 3,040 ரேண்டைத் தாண்ட விடமாட்டாங்க.

ஒவ்வொருத்தர் தேடும்போதும் உள்ள ஒரு ஏலம் நடக்குது. அதிகமா காசு சொன்னவர்தான் மேல வருவார்னு இல்ல, விளம்பரம் தேடினதுக்குப் பொருந்துதா, கிளிக் பண்ணா வர்ற பக்கம் உருப்படியா இருக்கான்னும் பாக்கறாங்க. அதனால பக்கத்து தெரு பெரிய கடையை விட கம்மியா குடுத்து மேல வர முடியும். நீங்க சொன்ன தொகை முழுசாவும் பெரும்பாலும் போகாது, உங்க இடத்தைத் தக்க வெச்சுக்க எவ்வளவு தேவையோ அவ்வளவுதான்.

சரி, காசு எங்க ஒழுகும்னா லொகேஷன் செட்டிங்லதான். நம்ம டர்பன் ஃபீனிக்ஸ் ஏரியாவை நினைச்சு ஃபீனிக்ஸ்னு டைப் பண்ணா அமெரிக்காவுல அரிசோனா ஃபீனிக்ஸும் லிஸ்ட்ல வரும், அவசரத்துல அதைத் தொட்டுட்டா டர்பன் பிரியாணிக்கு அரிசோனாக்காரன் கிளிக் பண்ணுவான். இன்னொண்ணு, டர்பன்னு சரியா போட்டாலும் 'அந்த ஊர்ல இருக்கறவங்க, அந்த ஊர் மேல ஆர்வம் உள்ளவங்க' ரெண்டு பேருக்கும் காட்டற மாதிரிதான் முதல்லயே செட் ஆகி இருக்கும். கெஸ்ட் ஹவுஸ் நடத்தறீங்கன்னா அது நல்லது, சென்னைல இருந்து தேடறவரும் வேணும். கேட்டரிங்னா ஊர்ல இருக்கறவங்க மட்டும்னு மாத்திடுங்க. சர்ச் விளம்பரம் போடும்போது டிஸ்ப்ளே நெட்வொர்க் (மத்தவங்க சைட்லயும் ஆப்லயும் விளம்பரம் காட்டறது) டிக்கையும் எடுத்துடுங்க, ஆரம்பத்துல அது வேணாம்.

கீவேர்டை, அதாவது எந்த வார்த்தையைத் தேடினா உங்க விளம்பரம் வரணுமோ அதை, தமிழ்ல போட்டு உக்காந்திருக்காதீங்க. 1860லயே இந்தியாவுல இருந்து இங்க வந்த குடும்பங்கள்ல இப்போ பெரும்பாலும் இங்கிலீஷ்லதான் தேடறாங்க, அதுவும் இந்த ஊர் ஸ்பெல்லிங்ல, சமோசாவை 'சமூசா'ன்னு ரெண்டு ஓ போட்டு எழுதறாங்க, அப்படியே போடுங்க. புரட்டாசி விரத மாசம் வருதுன்னா வெஜ் கேட்டரிங் விளம்பரத்தை கொஞ்சம் முன்னாடியே ஓட விடுங்க. நெகட்டிவ் கீவேர்டுல (எந்த வார்த்தையைத் தேடினா விளம்பரம் காட்ட வேண்டாமோ அது) ரெசிபி, வேலை, ஃப்ரீ இதெல்லாம் சேருங்க, இல்லன்னா சமைச்சுப் பாக்கறவங்களும் வேலை தேடறவங்களுமா வந்து பட்ஜெட்டைத் தின்னுட்டுப் போயிடுவாங்க. வாரம் ஒரு தடவையாவது சர்ச் டெர்ம்ஸ் ரிப்போர்ட்டைத் திறந்து பாருங்க, ஜனங்க நிஜமா என்ன டைப் பண்ணி வந்தாங்கன்னு அதுலதான் தெரியும், எனக்குப் பிடிச்ச பக்கமே அதுதான். போன் எடுக்க ஆள் இல்லாத நேரத்துல விளம்பரம் ஓடாத மாதிரி டைமும் வெச்சுடுங்க. ஃபார்ம், போன் கால் ரெண்டுக்கும் கன்வெர்ஷன் டிராக்கிங் (கிளிக் பண்ணவங்கள்ல எத்தனை பேர் ஃபார்ம் நிரப்பினாங்க, போன் பண்ணாங்கன்னு எண்ணறது) போடாம ஒரு ரேண்டு கூட செலவு பண்ணாதீங்க.

இப்போ சைட் வெச்சிருக்கறவங்க பக்கம். உங்க சைட்ல விளம்பரம் காட்டி உங்களுக்குக் காசு தர்ற கூகுளோட ஆட்சென்ஸ் 2003ல வந்தது, தமிழ் பக்கங்களுக்கு 2018லதான் திறந்தாங்க. முன்னாடி கிளிக்குக்குத்தான் காசு, 2024ல இருந்து விளம்பரம் காட்டப்படறதுக்குத் தர்றாங்க. விளம்பரம் போட்டவர் செலவு பண்றதுல சராசரியா 68 சதவீதம் சைட்காரருக்கு வருது. காட்டறதுக்கே காசு வர்றதால கிளிக் வாங்கறதுக்காக பட்டன் மாதிரி விளம்பரத்தை ஒளிச்சு வெக்கற வேலையெல்லாம் வேண்டாம், படிக்கறவங்க நின்னு படிக்கணும், அவ்வளவுதான். எந்த நாட்டுல இருந்து படிக்கறாங்கங்கறதை வெச்சும் வருமானம் மாறும்.

உங்க விளம்பரத்தை நீங்களே கிளிக் பண்றது, குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல "சித்தி, மாமா, எல்லாரும் ஒரு தடவை தட்டுங்க"ன்னு போடறது, ரெண்டுமே அக்கவுண்டை மூடற வேலை. 10 டாலர் சேர்ந்ததும் அட்ரஸ் சரிபார்க்க பின் நம்பரை தபால்ல அனுப்புவாங்க, 100 டாலர் ஆனாதான் பணம் வரும், அதனால ரிஜிஸ்டர் பண்ணும்போதே நிஜமா கடுதாசி வந்து சேர்ற அட்ரஸா பாத்துக் குடுங்க.