லைம்குவாட் சமையல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

லைம்குவாட்டில் மார்மலேட், அதாவது தோலோடு காய்ச்சும் பழப்பாகு, செய்யக் கற்றுக்கொள்ள வருபவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஆரம்பத்தில் நான் செய்த அதே தவறுகளைத்தான் அவர்களும் செய்கிறார்கள். பழத்தைக் கழுவச் சொல்லியெல்லாம் உங்கள் நேரத்தை வீணாக்கப் போவதில்லை.

பிழிந்துவிட்டுத் தோலை எறிவது

1909-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் தாவரவியலாளர் வால்டர் ஸ்விங்கிள், கீ லைம் என்னும் சிறு எலுமிச்சையையும், தோலோடு தின்னும் குட்டி ஆரஞ்சு போன்ற கும்குவாட்டையும் ஒட்டுச் சேர்க்காமல், மகரந்தக் கலப்பு செய்தே உருவாக்கிய பழம்தான் லைம்குவாட். யூஸ்டிஸ், லேக்லேண்ட், டவாரெஸ் என்று ரகங்களுக்கு அங்குள்ள ஊர்களின் பெயர்கள். சாறு எலுமிச்சையைப் போலப் புளிக்கும். தோல் கும்குவாட்டைப் போல இனிக்கும். தோலை எறிந்தால் பாதிப் பழம் போச்சு. மெல்லிய வட்டங்களாக நறுக்கி, தோலோடு சாலட்டிலோ வாட்டிய மீன் மேலோ போடுங்கள்.

தோல் வேகுமுன் சர்க்கரை சேர்ப்பது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. மார்மலேடுக்குத் தண்ணீர் கொதித்ததும் சர்க்கரையைக் கொட்டிவிடுகிறார்கள். சர்க்கரை சேர்ந்த பிறகு தோல் அதற்கு மேல் மென்மையாகாது. உள்ளே இருக்கும் நீரையும் இழந்து இறுகிவிடும். கற்றுக்கொள்ள வந்த ஒருவர் ஒரு கூடைப் பழத்தையும் இப்படித்தான் கெடுத்தார். இன்னும் கொஞ்சம் கொதித்தால் சரியாகிவிடும் என்று அடுப்பை அணைக்காமலே நின்றார். பாகு கருத்தது, மணம் போனது, தோல் மட்டும் ரப்பர் மாதிரி அப்படியே இருந்தது. அதைத் திருத்த வழியே இல்லை.

முதலில் வெறும் தண்ணீரில் சிறு தீயில் வேகவிடுங்கள். கடிகாரத்தை நம்பாதீர்கள். ஒரு துண்டை எடுத்து, ஆறியதும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அழுத்துங்கள். எதிர்ப்பே இல்லாமல் நசுங்க வேண்டும். லேசாக வழுக்கிக்கொண்டு தப்பித்தாலும் இன்னும் வேகவில்லை என்றுதான் அர்த்தம். நசுங்கிய பிறகு சர்க்கரை. அது முழுதும் கரைந்த பிறகு பெரிய தீ. சுமார் 104 டிகிரி செல்சியஸில் பதம் வந்துவிடும்.

விதைகளைக் குப்பையில் போடுவது

பாகை இறுக வைக்கும் பெக்டின் அவற்றில் இருக்கிறது. நசுக்காமல் துணியில் முடிந்து பழத்தோடு வேகவையுங்கள், சர்க்கரைக்கு முன் எடுத்துவிடுங்கள். நசுங்கினால் கசக்கும்.

அலுமினியப் பாத்திரம்

வேண்டாம்.

சாற்றைக் கொதிக்கவிடுவது

குழம்போ சாஸோ, இறக்கிய பிறகு பிழியுங்கள். அப்புறம் துருவிய தோலையும் அப்போதே தூவிவிடுங்கள்.